கமலாவின் பேரில் வைத்த நேர்த்தி

2025 ஜூலை 6, ஞாயிறு

காலையில் என் வான் வண்டியைக் கழுவிக்கொண்டு நின்றேன். ஞாயிறு ஒன்றுதான் அதற்கு நேரம். கிழமை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியதில் ஆசனத்துக்குக் கீழே ஒரே பிஸ்கட் தூள். கமலா பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படுக்கை விரிப்பைக் கொடியில் எறிய இரண்டு கைகளையும் தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். முகம் கறுத்துச் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சை இழுக்கிறாள். நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் கையைக் கீழே விட்டாள். விட்டதும் சரியாகிவிட்டது.

“ஒண்டுமில்லை, வெயில்” என்றாள். விடிந்து கொஞ்ச நேரம்தான், என்ன வெயில்?

கழுத்துக் கட்டி புதிதல்ல. எங்கள் மகள் ஆரபி கைக்குழந்தையாய் இருந்தபோதே இருந்தது. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, இத்தனை காலத்தை ஓட்டிவிட்டாள். போன வருடம் அது கொஞ்சம் சிறுத்தது போலத் தெரிந்தது. நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்குத்தான் யோசிக்கிறேன். சிறுத்ததா, இல்லை உள்ளுக்குள் இறங்கிவிட்டதா?

ஜூலை 9, புதன்

இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறாள். ஏன் என்று கேட்டால் இதமாக இருக்கிறதாம்.

ஜூலை 17, வியாழன்

பெரியாஸ்பத்திரிக் கிளினிக். டொக்டர் இளம் ஆள். கட்டியைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் விழுங்கச் சொன்னார். பிறகு, “அம்மா, தேருக்குக் கும்பிடுற மாதிரி ரெண்டு கையையும் தலைக்கு மேலை தூக்கி வைச்சிருங்கோ” என்றார். கமலா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். தூக்கினாள். கொஞ்ச நேரத்திலேயே அந்தக் கறுப்புச் சிவப்பு முகத்தில் ஏறத் தொடங்கிவிட்டது. “காணும், இறக்குங்கோ” என்று அவரே பிடித்து இறக்கிவிட்டார்.

எனக்குப் பிடிக்காதது என்னவென்றால், அவருக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை. இப்படித்தான் வரும் என்று தெரிந்துகொண்டு தூக்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஸ்கான் எடுக்க எழுதித் தந்திருக்கிறார்.

வரும் வழியில் கமலா கதைக்கவில்லை. நான்தான் வழி முழுக்க வீதித் திருத்த வேலையைப் பற்றி விளாசிக்கொண்டு வந்தேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

ஓகஸ்ட் 4, திங்கள்

ஸ்கான் முடிவு வந்தது. பெரிய டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு மேகம் மாதிரித்தான் தெரிந்தது. தைரொயிட் கட்டி கழுத்திலிருந்து நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி, மூச்சுக்குழாயை ஒரு பக்கம் தள்ளி நசுக்கிக்கொண்டிருக்கிறதாம். அது இப்போது சோடா குடிக்கிற குழல் அளவுதானாம். விட்டால் இன்னும் ஒடுங்கும். வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

“பெரும்பாலும் கழுத்தாலேயே இழுத்து எடுத்திடலாம். ஏலாமல் போனால் நெஞ்செலும்பை வெட்டித் திறக்க வேண்டி வரும். அதுக்கும் ஆக்கள் ஆயத்தமாய் நிப்பினம்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. குரல் நரம்பு பற்றி ஏதோ, கல்சியம் பற்றி ஏதோ. நெஞ்செலும்பு என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். இறைச்சிக்கடையில் கத்தி விழுகிற சத்தம் கேட்கிறது. நாங்கள் மச்ச மாமிசம் தொடாத குடும்பம், இறைச்சிக்கடைப் பக்கம் போனதே இல்லை. ஆனாலும் கேட்கிறது.

கமலா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, “எப்ப திரும்பவும் பிள்ளையளைத் தூக்கலாம்?” என்று கேட்டாள். முன்பள்ளியில் அழுகிற குழந்தைகளை இடுப்பில் வைத்துத் திரிகிறவள். டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓகஸ்ட் 21, வியாழன்

நல்லூர்த் தேர். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. தேர் அசைந்ததும் சனம் முழுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கியது. கமலா மட்டும் நெஞ்சோடு கும்பிட்டுக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“கை தூக்காட்டி அவருக்கு என்னைத் தெரியாதோ?” என்றாள்.

செப்டெம்பர் 22, திங்கள்

கமலாவை ஆஸ்பத்திரி வோட்டில் சேர்த்துவிட்டு வந்தேன். ஆரபி மட்டக்களப்பில் கம்பசில் இருந்து நேற்றே வந்துவிட்டாள், தாயோடு அவள்தான் நிற்கிறாள். ஜெசிதா என்று ஒரு நேர்ஸ் கமலாவை முன்னமே தெரிந்தவள் மாதிரிப் பழகுகிறாள். அவளுடைய மகன் கமலாவின் முன்பள்ளியில் படித்தவனாம்.

நான் புறப்படும்போது கமலா வீட்டுச் சாமான் இருக்கிற இடமெல்லாம் சொன்னாள். மிளகாய்த்தூள் பெரிய போத்தலில். ஊறுகாயை ஈரக் கரண்டியால் தொடக்கூடாது. வாசல் செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணீர். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். ஏன் எல்லாவற்றையும் சொல்கிறாள்? ஊறுகாய்ப் போத்தலை இப்போது போய்ப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

காலையில் கமலாவைச் சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தியேட்டர் கதவு மூடியதும் ஆரபி கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் இருக்கவில்லை, நடந்தேன்.

நேர்த்தி வைத்தேன். அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நெஞ்சைத் திறக்காமல் கழுத்தாலேயே எடுத்துத் தந்தால் கமலா கந்தசட்டி விரதம் பிடிப்பாள், பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டு ஆறு நாளும் இருப்பாள் என்று முருகனிடம் சொன்னேன். என் பேரில் வைத்திருக்கலாம். அப்போது அது தோன்றவே இல்லை. அவள் விரதம் என்றால் அவனுக்கு மதிப்பு, நான் வெள்ளிக்கிழமையிலேயே கடையில் வடை கடிக்கிறவன். 

நேரம் போனது. சொன்ன நேரம் கடந்துவிட்டது. உள்ளே இருந்து ஒரு பெடியன் ஓடிப்போய் எதையோ எடுத்துக்கொண்டு திரும்பவும் ஓடினான். சரி, பாலும் பழமும் வேண்டாம், தண்ணீர் மட்டும் குடித்து இருப்பாள் என்றேன். சந்தையில் விலை ஏற்றுகிற மாதிரி நான் ஏற்றிக்கொண்டே போனேன்.

மத்தியானம் பெரிய டொக்டர் வந்தார். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, “நெஞ்சைத் திறக்கேல்லை. முழுக்கக் கழுத்தாலேயே வந்திட்டுது” என்றார். நான் அவருடைய கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டேன். ஆரபிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். புற்றுநோய் ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்க்க. அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இனி அது என்னோடு வீட்டில் இருக்கும்.

செப்டெம்பர் 25, வியாழன்

கமலாவின் குரல் போய்விட்டது. இல்லை, போகவில்லை. ஓலை உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. காதைக் கிட்டக் கொண்டுபோனால் விளங்கும். நரம்பு களைத்திருக்கிறது, நாளாக வரும் என்கிறார்கள். நாளாக என்றால் எத்தனை நாள்? சொல்கிறார்கள் இல்லை.

இன்று காலை விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் விறைக்கிறது, எறும்பு ஊர்கிறது என்றாள். ஜெசிதா உடனே டொக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். கமலாவின் உதட்டு ஓரம் தன்பாட்டில் துடித்தது. அவள் துடிக்க வைக்கவில்லை, அது தானாகத் துடித்தது. நான் அதைக் கண்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

தைரொயிட்டுக்குப் பின்னால் பயறு அளவில் நாலு சுரப்பி இருக்கிறதாம். இரத்தத்தில் கல்சியத்தைப் பார்த்துக்கொள்கிறது அவைதானாம். சத்திரசிகிச்சையில் அவை மயங்கிக் கிடக்கின்றன, எழும்ப மாதக்கணக்கும் ஆகலாம், அதுவரை குளிசைதான் கல்சியம் கொடுக்கும் என்றார். ஊசி போட்டார்கள். பின்னேரம் விறைப்பு விட்டுவிட்டது.

செப்டெம்பர் 29, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. ஜெசிதா குளிசைகளைப் பிரித்துக் காட்டித் தந்தாள். சின்ன வெள்ளைக் குளிசை விடிய வெறும் வயிற்றில். அது எடுத்த தைரொயிட்டுக்குப் பதில், வாழ்நாள் முழுக்க. பெரிய கல்சியமும் கூட ஒரு கப்சூலும் சாப்பாட்டுக்குப் பிறகு. “ஒரு நாளும் விடக்கூடாது அம்மா” என்று அவள் சொன்னாள், திரும்பவும் சொன்னாள்.

வெள்ளைக் குளிசைக்கு நான் பொறுப்பு எடுத்தேன். வாழ்நாள் முழுக்க என்றதால் அதுதான் எனக்குப் பயம். விடிந்ததும் தண்ணீரோடு போய் நிற்பேன், விழுங்கின பிறகுதான் அசைவேன். மற்றதைச் சாப்பிட்டதும் அவளே போட்டுக்கொள்கிறாள்.

ஒக்டோபர் 3, வெள்ளி

கமலாவின் அக்கா இரத்தினம்மா பார்க்க வந்தா. ஊரில் எந்த விரதம் எந்தத் திகதி என்று பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்கிறவ. வாசலில் வைத்து, தங்கச்சி தப்பினதே பெரிய காரியம் என்று அவ கண்ணைத் துடைக்க, எனக்கும் மனம் இளகி, வைத்த நேர்த்தியைச் சொல்லிப்போட்டேன். சொன்ன கையோடு வாயைப் பொத்தினேன். பிந்திவிட்டது. அவ உள்ளே போய்ச் சொல்லிவிட்டா.

நான் எதிர்பார்த்தது கமலா ஏசுவாள் என்று. ஏசவில்லை.

“தண்ணி மட்டுமோ?” என்றாள், அந்த ஓலைக் குரலில்.

“அது... நேரம் போகப் போக... மாத்திக் கேக்கலாம் கமலா. நான் பிடிக்கிறன்.”

“என்ரை பேரிலை வைச்சனீங்கள். அவன் தன்ரை பங்கைத் தந்திட்டான். இனி மாத்திக் கதைக்கேலாது.”

சோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளும் அதை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. முடிவு கையில் வரும்வரை முருகனோடு பகைக்க இந்த வீட்டில் யாருக்கும் துணிவில்லை.

ஒக்டோபர் 9, வியாழன்

கிளினிக். காயம் நன்றாக மாறுகிறது. கல்சியம் குளிசை இன்னும் தேவை என்றார். முடிவு 30ஆம் திகதி வரும்போது தருவார்களாம். புறப்பட எழும்பியபோது டொக்டர், “வேறை ஏதும் கேக்க இருக்கோ?” என்றார்.

விரதம் பிடிக்கலாமா என்று கேட்கத்தான் நான் வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்தேன். “கோவா சாப்பிடலாமோ?” என்று கேட்டேன். கட்டிக்கு முட்டைக்கோவா கூடாது என்று யாரோ சொன்னதாக. தைரொயிட்டே இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம் என்றார்.

ஏன் கேட்கவில்லை? வேண்டாம் என்பார் என்ற பயம். பிடிக்கலாம் என்பார் என்ற பயமும். முதலாவது என்றால் முருகனுக்கு என்ன சொல்வது, இரண்டாவது என்றால் அவளைப் பட்டினி போட்டது நான்தானே. 

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கமலா நன்றாகச் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒக்டோபர் 22, புதன்

விரதம் தொடங்கிவிட்டது. விடிய வெள்ளைக் குளிசை தண்ணீரோடு கொடுத்தேன். வெறும் வயிற்றில் போடுகிறதுதானே, விரதத்துக்கு ஒன்றும் இல்லை என்றாள். எனக்கும் ஆறுதல். குளித்து, தோய்த்த சேலையோடு கோயிலுக்குப் போய் வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

நானும் சாப்பிடாமல் இருக்கப்போகிறேன் என்றேன். “பிள்ளையளை ஏத்திற வண்டி. தலை சுத்தினா ஊரார் பிள்ளையளுக்கு என்ன நடக்கும்? சாப்பிடுங்கோ” என்றாள். அவள் சமைத்து வைக்கவில்லை. கடையில் பாண் வாங்கி, வீட்டுக்கு வராமல் வானுக்குள்ளேயே இருந்து சம்பலோடு சாப்பிட்டேன். நேர்த்தி வைத்தவன் நான். வயிறு நிறைந்தவனும் நான்.

ஒக்டோபர் 24, வெள்ளி

களைத்துவிட்டாள். விரல் கொஞ்சம் விறைக்கிற மாதிரி இருக்கிறதாம். குளிசை போடுகிறீர்தானே என்று கேட்டேன். “நீங்கள்தானே விடிய விடியத் தாறியள்” என்றாள். அது சரிதான். என் கையால் கொடுத்து, விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் வண்டி எடுக்கிறேன்.

இரத்தினம்மா சொன்னா, மூன்றாம் நாள் பசி அப்படித்தானாம். நாலாம் நாள் எல்லாம் தெளிந்துவிடுமாம். 

ஒக்டோபர் 25, சனி

தெளியவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறதாம். கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதாம். நிப்பாட்டுவோம் என்றேன். கெஞ்சினேன். இரத்தினம்மா என்னைத் தள்ளி வைத்துவிட்டு, தங்கச்சியின் உடம்பில் ஒரு சக்தி ஊறுகிறது, பயப்படாதேங்கோ தம்பி என்றா.

சக்தி ஊறினால் எறும்பு மாதிரி இருக்குமா? எனக்கு எப்படித் தெரியும். எனக்கு ஒரு நாளும் ஊறினதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் எடுத்தால் என்ன என்று போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்லிக் கேட்பது? நேர்த்தி என்று சொன்னால் சிரிப்பார்கள். திங்கள் சூரன்போர், செவ்வாய் பாறணை. அதோடு சாப்பாடு. இன்னும் கொஞ்சம்தானே என்று போனை வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

கமலாவின் கை நடுங்கிக் கோப்பை விழுந்து உடைந்தது. முருகா, சும்மா விடு எங்களை.

ஒக்டோபர் 28, செவ்வாய்

வோட்டுக்கு வெளியே வாங்கில் இருந்து எழுதுகிறேன். கமலா உள்ளே. கையில் சேலைன் ஏறுகிறது. நித்திரை கொள்கிறாள். நான் நேற்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்கு விசர் பிடிக்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வந்து கமலாவையும் இரத்தினம்மாவையும் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் ஊர் முருகன் கோயில்தான். வீதி நிறைந்த சனம். சூரனைப் பெடியங்கள் தோளில் வைத்து ஆட்டுகிறாங்கள், தலையை மாற்றி மாற்றிப் போடுகிறாங்கள், ஆனைமுகம், சிங்கமுகம். மேளம் காதை அடைக்கிறது. கமலா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிடி வழக்கத்தை விட இறுக்கமாக இருந்தது.

வேல் பாய்ந்தது. சனம் முழுக்க அரோகரா என்று கையைத் தூக்கியது. கமலாவும் தூக்கினாள். இரண்டு கையும், தலைக்கு மேல். நான் அவளுடைய முகத்தைத்தான் பார்த்தேன். கறுக்கவில்லை, மூச்சு முட்டவில்லை. எத்தனை காலத்துக்குப் பிறகு! எனக்கு அழுகை வந்தது.

கை இறங்கேல்லை.

எல்லாரும் இறக்கிப்போட்டினம், அவளின்ரை கை அங்கேயே நிக்குது. விரல் எல்லாம் ஒண்டோடு ஒண்டு ஒட்டி விறைச்சு, பெருவிரல் உள்ளுக்கு மடிஞ்சு, மணிக்கட்டு வளைஞ்சு, நாகபடம் மாதிரி. கண் மேலே செருகுது. உதடு இழுபடுது. பக்கத்தில் நின்ற ஒரு மனிசி, “கலை வந்திட்டுது, முருகன் இறங்கிட்டான்” என்று கத்தினா. சனம் வட்டமாய் விலகிட்டுது. இரத்தினம்மா ஓடிவந்து திருநீறை நெற்றியில் அள்ளிப் பூசினா. ஆரோ வேப்பிலை கொண்டு வந்தினம். மேளகாரர் எங்கடை பக்கம் திரும்பி இன்னும் வேகமாய் அடிச்சாங்கள். ஒரு தாய் காய்ச்சல்காரப் பிள்ளையைக் கொண்டு வந்து கமலாவின்ரை காலடியில் போட்டா.

நான் என்ன செய்தேன்? நானும் கும்பிட்டேன். என்ரை பெண்சாதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, “முருகா, முடிவிலை ஒண்டும் இருக்காதோ?” என்று கேட்டேன். அந்த இடத்திலே, அந்த நேரத்திலே, எனக்கு என்ரை பயம்தான் பெரிசாய் இருந்தது.

அவளுடைய வாய் அசைந்தது. வாக்குச் சொல்லப்போறா என்று சனம் அடங்கியது. மேளமும் நின்றது. ஆனால் ஒருவருக்கும் கேட்கவில்லை. சத்திரசிகிச்சையோடு போன குரல் இன்னும் திரும்பவில்லையே. நான் காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

“குளிசை...” என்றாள். “ஆறு நாளாய்... சாப்பிடேல்லை... குளிசை போடேல்லை...”

முருகன் குளிசை கேட்கமாட்டான். அது கமலா. தனக்குள் அடைபட்டுக்கொண்டு கமலாதான் கதைக்கிறாள்.

தூக்கினேன். கலை வந்தவவைத் தொடக்கூடாது என்று நாலைந்து பேர் மறித்தார்கள். நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்று ஞாபகமில்லை, விலகினார்கள். வானில், அந்தப் பிஸ்கட் தூளுக்கு மேல் கிடத்தி, இரத்தினம்மாவின் மடியில் தலையை வைத்து ஓட்டினேன். கோயிலால் திரும்புகிற சனம் வீதி முழுக்க. ஹோனில் இருந்து கையை எடுக்கவில்லை. பின்னுக்கு மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். அது வந்தாலும் பயம், வராமல் நின்றாலும் பயம். முதலில் தேவாரம் சொல்லிக்கொண்டு வந்த இரத்தினம்மா பாதி வழியில், “தம்பி, கெதியாய்” என்று மட்டும் சொன்னா.

நரம்பில் ஊசியை ஏற்றினார்கள். மெல்ல, மிக மெல்ல. நான் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் சின்னவிரல் விலகியது. பிறகு மற்றவை. பெருவிரல் கடைசியாக வெளியே வந்தது. விசில் சத்தம் நின்று சாதாரண மூச்சு வந்தது.

பெரிய டொக்டர் இன்று காலை வந்தார். ஏன் கல்சியத்தை நிப்பாட்டினியள் என்று கேட்டார்.

“சாப்பாட்டுக்குப் பிறகு எண்டு சொன்னவை. நான் சாப்பிடேல்லை” என்றாள் கமலா. 

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “விரதம் ஆர் பிடிக்கச் சொன்னது?” என்றார்.

“நான்தான் பிடிச்சனான்” என்றாள் அவள், நான் வாயைத் திறக்கமுன்.

“நேர்த்தி வைச்சது நான்” என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். சாப்பாட்டோடு சேர்ந்தால் உடம்பு நன்றாக எடுக்கும், அதனால்தான் அப்படிப் போடச் சொல்கிறது, சாப்பிடாவிட்டாலும் போடத்தான் வேண்டும் என்று விளக்கினார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் குரல்வளை இறுகி மூச்சு அடைத்திருக்கும், இல்லையேல் இதயம் நின்றிருக்கும் என்றார். போகும்போது என் தோளில் கை வைத்து, “கேட்டிருக்கலாமே ஐயா” என்றார்.

கேட்டேன். கோவாவைப் பற்றிக் கேட்டேன்.

விடிய விடிய வெள்ளைக் குளிசையைக் கொடுத்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்தவன் நான். குளிசை போடுகிறீரா என்று நான் கேட்டது அதைப் பற்றித்தான் என்று அவள் நினைத்தாள். அவள் சொன்னது எல்லாவற்றையும் பற்றி என்று நான் நினைத்தேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் இத்தனை வருடம் இருந்து என்ன பிரயோசனம்.

ஒக்டோபர் 30, வியாழன்

முடிவு வந்தது. எடுத்த கட்டிக்குள் ஒரு இடத்தில், அரிசி அளவில், புற்றுநோய் இருந்திருக்கிறது. கட்டியோடு அதுவும் முழுதாக வந்துவிட்டதாம். வேறு மருந்து ஒன்றும் வேண்டாம், வருடா வருடம் பார்த்தால் போதும்.

இருந்தது. நான் ஒரு மாதத்துக்கு மேல் நித்திரை இல்லாமல் பயந்தது உண்மையாகவே இருந்தது. ஆனால் அது செப்டெம்பர் 23ஆம் திகதியே போய்விட்டது. போன ஒன்றுக்குத்தான் நான் அவளைப் பட்டினி போட்டு வைத்திருந்தேன்.

ஆரபிக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “அம்மாவை உங்களோடை தனிய விட்டிட்டு வந்தது என்ரை பிழை” என்றாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் உறைக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. இரத்தினம்மா வந்து, பாறணைக்கு முதல் விரதம் குழம்பிவிட்டது, வருகிற வருடம் திரும்பப் பிடித்துத்தான் கழிக்க வேண்டும் என்று இழுத்தா. முன்னைய மாதிரி உறுதியாகச் சொல்லவில்லை, கதிரை நுனியில் இருந்து சொன்னா. வானில் வந்த அந்த நேரத்தை அவவும் மறக்கவில்லை.

நான் பிடிக்கிறேன் என்றேன். அந்தக் கிழமைக்கு வான் ஓட வேறு ஆள் பார்க்கிறேன் என்றேன்.

கமலா கல்சியக் குளிசையைச் சப்பிக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டுத்தான் கதைத்தாள்.

“பிடியுங்கோ. இனி நேர்த்தி வைக்கிறதெண்டா உங்கடை உடம்பிலை வையுங்கோ. என்ரை உடம்பு என்னட்டை இருக்கட்டும்.”

கோபமாகச் சொல்லவில்லை. குரல் கொஞ்சம் வந்திருக்கிறது. பக்கத்து அறைக்கே கேட்டிருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

குளிசை எல்லாம் நானே எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். தேவையில்லை, எனக்குக் கை இருக்கிறது என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

விடிய மழை. பிறகு விட்டது. வானைக் கழுவப் போகவில்லை, குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். 

ஒன்றை எழுத வேண்டும். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் களவாக ஒரு வேலை செய்கிறேன். டொக்டர் செய்த மாதிரிக் காதுக்கு முன்னால் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பது. உதடு துடிக்கிறதா என்று. நேரே செய்தால் ஏசுவாள் என்று, போகிற போக்கில் தட்டுகிற மாதிரி, இலையான் பறந்து வந்து இருந்தது என்று, மா ஒட்டியிருந்தது என்று. கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் பகல் வெளிச்சத்தில் நான் அவளுடைய கன்னத்தைத் தொட்டதே கிடையாது. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. இலையான் என்றால் இலையான் என்று விட்டுவிடுவாள். ஒரு நாளும் துடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் தட்டமுன் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இன்று அடுப்புக்கு முன்னால் புட்டு இறக்கிக்கொண்டு நின்றாள். பின்னால் போய், மா ஒட்டியிருக்கிறது என்று சொல்லித் தட்டினேன்.

உதட்டு ஓரம் துடித்தது.

திரும்பவும் தட்டினேன். திரும்பவும் துடித்தது. வான் திறப்பு எங்கே, செருப்பு எங்கே என்று நான் தடவுகிறேன்.

“இண்டைக்கு நான் மா குழைக்கேல்லை” என்றாள் கமலா. “நேற்றைய மா, எப்பிடிக் கன்னத்திலை ஒட்டும்?” 

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள், தட்டாமலே உதட்டு ஓரம் துடிக்கிறது.